கரண்ட் போனால் கேம் என்ன ஆகும்?

உங்கள் கேம் கணினியில் ஓடுகிறது. ஸ்டீமில் போட்டாயிற்று, சில நூறு பேர் வாங்கியும் விட்டார்கள். போடிநாயக்கனூரில் ஒரு மாடி அறை, மூன்று பேர், ஒரு யுபிஎஸ். "இதை நின்டெண்டோ ஸ்விட்சுல விட்டா நல்லா இருக்குமே" என்று யாரோ சொல்கிறார். அன்று ராத்திரியே மூவருக்கும் தூக்கம் போய்விடுகிறது. இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட மூவருக்காக.

கன்சோலுக்குக் கொண்டுபோவது என்றால் கேமை இன்னும் அழகுபடுத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உங்கள் கதை உருக்கமா, சண்டை விறுவிறுப்பா என்று பார்க்க கன்சோல் நிறுவனத்தின் பரிசோதகர் உட்காரவில்லை. நம் ஊர் ஏலக்காய் ஏல மையத்தில் மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்க்கிற வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சரிவில் விளைந்தது, எத்தனை தடவை மருந்தடித்தார்கள் என்ற கதையெல்லாம் அவருக்கு வேண்டாம். பருமன், நிறம், லிட்டர் எடை, அவ்வளவுதான். பரிசோதகரும் அப்படியே. உங்கள் கதாநாயகி செத்துப்போன அப்பாவின் கடிதத்தைப் பிரிக்கிற காட்சியில் அவர் கன்ட்ரோலரின் இணைப்பைத் துண்டிப்பார். பிறகு திரையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பார்.

துண்டித்தால் என்ன ஆகும்? ஆட்டத்தின் நடுவில் கன்சோலைத் தூங்கவைத்தால்? சேவ் எழுதும் நொடியில் மின்சாரம் நின்றால்? சேவ் எழுத இடமே இல்லையென்றால்? கன்சோல் வேலையில் பெரும்பகுதி இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதுதான். கரண்ட் போவதையும் வருவதையும் பிறந்ததிலிருந்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. என்ன, கோடு எழுத உட்காரும்போது மட்டும் அது மறந்துபோகிறது.

முன்னே போனவர்கள்

நம் நாட்டிலிருந்து கன்சோலுக்குப் போனவர்களில் பலரும் முதலில் சொல்லும் பெயர் புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ். 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்ற அவர்களுடைய கேமுக்கு 2017 இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 18 அன்று, அதே கேம் நின்டெண்டோ ஸ்விட்சில் வெளியானது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினிப் பதிப்புகள் அக்டோபரில்தான் வந்தன. அந்த ஆண்டு தி கேம் அவார்ட்ஸில் சிறந்த அறிமுக கேமுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் இருந்தது. இங்கே வரிசையைக் கவனியுங்கள்: கன்சோல் முதலில், கணினி பிறகு. முதல் சில வாரங்களை ஒரே கடைக்கு ஒப்புக்கொடுத்தால் அந்தக் கடை உங்களை முகப்பில் வைக்க வாய்ப்புண்டு. சூப்பர்.காம் என்ற வெளியீட்டாளர் அவர்களுக்குத் துணை இருந்தார்கள்.

இன்னொரு உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கம். டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று 'வெண்பா'வை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், கிழிந்தும் அழிந்தும் போன அம்மாவின் சமையல் குறிப்பேடு, அதைப் பார்த்து நாமே இட்லி ஊற்றி, புட்டு அவித்து, பிரியாணிக்குத் தம் போட வேண்டும். ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கணினி எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்தது. அன்றே எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் சந்தாவிலும் இருந்தது. வெளியிட்டதும் அவர்களேதான். 2024 இல் இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும்பரிசும், பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும் அதற்குக் கிடைத்தன.

வெண்பாவை ஒரே மூச்சில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். விமர்சகர்கள் சிலருக்கு இது குறை. கன்சோலுக்கு மாற்றுபவனுக்கு, அதாவது போர்ட் செய்பவனுக்கு, இது வரம். நாற்பது மணி நேர கேமில் ஒவ்வொரு நிலையிலும் கன்ட்ரோலரைத் துண்டித்துப் பார்க்க எத்தனை வாரம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். மூன்று பேர் ஸ்டுடியோவின் முதல் கன்சோல் கேம் குறுகியதாக இருக்கட்டும் என்பேன். நீளமாகத்தான் வேண்டுமென்றால் இரண்டாவதில் வைத்துக்கொள்ளலாம்.

வாசல்

மூன்று நிறுவனங்களுக்கும் மூன்று வாசல்: நின்டெண்டோவின் டெவலப்பர் போர்ட்டல், மைக்ரோசாஃப்டின் ஐடி@எக்ஸ்பாக்ஸ், சோனியின் பிளேஸ்டேஷன் பார்ட்னர்ஸ். மூன்றிலும் விண்ணப்பம் போட வேண்டும், மூன்றிலும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து. பரிசோதனை விதிகளின் முழுப்பட்டியல் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. நின்டெண்டோக்காரர்கள் அந்தப் பரிசோதனையை லாட்செக் என்பார்கள். சோனிக்காரர்கள் தங்கள் விதிப்பட்டியலை டிஆர்சி என்பார்கள். எந்தப் புத்தகமும் அதை வரிக்கு வரி அச்சிட முடியாது, இதுவும் அச்சிடவில்லை. கீழே வருபவை தொழிலில் எல்லாரும் வெளிப்படையாகப் பேசுகிற பொதுவான விஷயங்கள்.

விண்ணப்பம் போடுமுன் சில சில்லறை வேலைகள். ஸ்டுடியோவுக்குச் சொந்த டொமைனில் ஒரு மின்னஞ்சல், ஒரு பக்கமாவது உள்ள இணையதளம், நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத வீடியோ. முதல் பத்து நொடியிலேயே ஆட்டம் தெரிய வேண்டும். லோகோ சுழல்வதை யாரும் பார்க்கப்போவதில்லை. நேரில் பேசினால் வேலை சீக்கிரம் நகரும். இந்திய கேம் டெவலப்பர் மாநாடு 2025 நவம்பரில் சென்னையில் நடந்தது. போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு 2023 ஜூனிலிருந்து ரயில் இருக்கிறது என்பதால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் குலுங்க வேண்டியதில்லை.

ஒப்புதல் கிடைத்தால் டெவ்கிட், அதாவது கேம் செய்பவர்களுக்கான கன்சோல், வாங்கலாம், சில சமயம் கடனாகக் கொடுப்பார்கள். அது வெளிநாட்டிலிருந்து சுங்கம் தாண்டி வர வேண்டியது, பதிவு செய்த முகவரியில்தான் இருக்க வேண்டும், நண்பருக்குக் காட்ட போட்டோ எடுக்கக் கூடாது. போடிமெட்டில் மூடுபனிக்கு நடுவே எஸ்டேட் பங்களாவில் ஸ்டுடியோ வைக்க வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. ஈரக்காற்றும் அறுந்துபோகிற லைனும் இரண்டே மாதத்தில் அந்த ஆசையைத் தீர்த்துவைக்கும். மலை லீவு நாளுக்கு, டெவ்கிட் ஊருக்குள்.

டெவ்கிட் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கடையில் வாங்கிய எக்ஸ்பாக்ஸையே டெவலப்பர் மோடுக்கு மாற்றிப் பழகலாம். அதுவும் கைவசம் இல்லையென்றால் 4 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப் ஒன்றைத் தேடி எடுங்கள். அதில் உங்கள் கேம் திணறினால் ஸ்விட்சிலும் திணறும்.

என்ஜின் விஷயம் சுருக்கமாக: யூனிட்டியிலும் அன்ரியலிலும் கன்சோலுக்கான பகுதி, நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட டெவலப்பர் என்று உறுதியான பிறகே திறக்கும். கேம்மேக்கரில் அதற்கென்று எண்டர்பிரைஸ் உரிமம் வாங்க வேண்டும். கோடோ திறந்த மூல மென்பொருள், கன்சோலுக்கான கோடு ரகசியம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது. அதனால் கோடோவில் கட்டியவர்கள் போர்ட் வேலைக்கென்றே இருக்கும் வெளி நிறுவனத்திடம்தான் போக வேண்டியிருக்கும். அந்தச் செலவை முதல் நாளே எழுதிவையுங்கள்.

தடங்கல்

சேவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மன்னிக்க முடியாத பிழை இங்கேதான் நடக்கிறது. மூன்று மணி நேரம் ஆடியவர் மறுநாள் வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. கணினியில் பலர் செய்வது, பழைய சேவ் கோப்பின் மேலேயே புதியதை எழுதுவது. பாதி எழுதும்போது கரண்ட் போனால் பழையதும் போச்சு, புதியதும் போச்சு. முதலில் வேறொரு பெயரில் முழுக்க எழுதுங்கள். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபாருங்கள். சரியென்றால் மட்டும் பழையதன் இடத்தில் வையுங்கள். பழையதில் ஒன்றை எப்போதும் கையிருப்பாக வைத்திருங்கள். இதைச் சோதிக்க டெவ்கிட்டின் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். கணினியில் சேவ் நடக்கும் நொடியில் கேமின் இயக்கத்தைக் கொல்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்டை இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் டீ குடித்துவிட்டு வந்து எத்தனை சேவ் உயிரோடிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று செத்திருந்தாலும் வேலை முடியவில்லை.

சேவ் எழுதும்போது திரையில் ஒரு சின்னம் சுழல வேண்டும், அது சுழலும்போது அணைக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் சேவ் எழுதுவதும் தப்பு. கன்சோலில் எழுதும் வேகத்துக்கும் எண்ணிக்கைக்கும் வரம்புகள் இருக்கும்.

கன்ட்ரோலர் துண்டிப்பு. இணைப்பு போன நொடியே ஆட்டம் நிற்க வேண்டும், மறுபடி இணைக்கச் சொல்லும் பலகை வர வேண்டும். பலர் இதை ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பாஸ் மெனுவோடு கட்டிவிடுவார்கள். பிறகு கதைக் காட்சிகளில் பாஸ் மெனுவை முடக்கியிருப்பார்கள். ஆக, கண்ணீர்க் காட்சியில் துண்டித்தால் ஒன்றுமே நடக்காது, கதாநாயகி பாட்டுக்கு அழுதுகொண்டே இருப்பாள். பரிசோதகர் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புவார். லோடிங் திரை, பெயர்ப்பட்டியல் ஓடும் இடம், முதல் லோகோ, எல்லா இடத்திலும் துண்டித்துப் பாருங்கள்.

தூங்கவைப்பது. ஸ்விட்சில் ஆடுபவர் பவர் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மூன்று நாள் கழித்து வருவார். வந்ததும் அதே நொடியில் ஆட்டம் தொடர வேண்டும். உங்கள் கோடு நேரத்தை எப்படி எண்ணுகிறது? கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் மூன்று நாள் கழித்து எழுந்ததும் பயிர் அழுகியிருக்கும், எதிரி பின்னால் வந்து நின்றிருப்பான், இசை வேறெங்கோ போயிருக்கும். இணையம் தேவைப்படும் கேம் என்றால் இணைப்பு போய்த் திரும்பும்போது என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதற்கு நம்மிடம் நல்ல சோதனைக்கூடம் இருக்கிறது: போடியிலிருந்து மூணாறு போகும் பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வரும், போகும், எல்லை தாண்டியதும் வேறு வட்டத்துக்கு மாறும். டெவ்கிட்டைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாதுதான். அதே நெட்வொர்க் கோடை போனில் ஏற்றி ஜன்னலோர சீட்டில் உட்காருங்கள். பூப்பாறை போய்ச் சேர்வதற்குள் அலுவலகத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் அகப்படாத பிழைகள் அகப்படும்.

கடைசியாக, கன்ட்ரோலரையே பிடித்திராத ஒருவரிடம் கொடுங்கள். ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை முடித்து வருகிற பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தால் ரொம்ப நல்லது. காயில் கண் பழகியவர்கள் திரையிலும் எதையும் விடமாட்டார்கள். "ஏன் தம்பி, இதுல 'ஏ'ன்னு போட்டிருக்கு, அமுக்குனா பின்னாடி போகுது?" என்று கேட்பார். அவர் கேட்பது சரிதான். நின்டெண்டோவின் ஏ பட்டன் வலது பக்கம், எக்ஸ்பாக்ஸின் ஏ கீழே. படத்தை மாற்றிவிட்டு வேலையை மாற்ற மறந்திருப்பீர்கள். பிளேஸ்டேஷனில் 2020 வரை ஜப்பானில் வட்டம்தான் 'சரி'. பிஎஸ்5 வந்தபோது உலகம் முழுக்கப் பெருக்கல் குறி என்று ஆக்கினார்கள். எந்தக் கன்சோலில் ஓடுகிறதோ அதன் பட்டன் படம் மட்டுமே தெரிய வேண்டும். உதவிப் பக்கத்தின் மூலையில் எஞ்சிய ஒரு 'என்டர் கீயை அழுத்துக' போதும், திரும்பி வந்துவிடும்.

எடை

2017 ஸ்விட்சில் இருப்பது 4 ஜிபி மெமரி, அதிலும் ஒரு பகுதியைக் கன்சோலே எடுத்துக்கொள்ளும். 2025 ஜூன் 5 அன்று வந்த ஸ்விட்ச் 2 இல் 12 ஜிபி. புதியது வந்துவிட்டதே என்று பழையதை விட்டுவிடாதீர்கள், உலகெங்கும் வீடுகளில் பழையதுதான் கோடிக்கணக்கில் இருக்கிறது.

மெமரியைத் தின்பது பெரும்பாலும் படங்கள். 2048க்கு 2048 அளவுள்ள ஒரு படத்தை அமுக்காமல் வைத்தால் 16 எம்பி. ஏஎஸ்டிசி முறையில் 4க்கு 4 கட்டமாக அமுக்கினால் 4 எம்பி, 6க்கு 6 என்றால் 2 எம்பிக்கும் கீழே. கதாபாத்திரத்தின் முகத்துக்கு முதலாவது, தூரத்து மலைக்கு இரண்டாவது. மூடுபனியில் மங்கலாகத் தெரிகிற குரங்கணி மலைச்சரிவை 16 எம்பியில் வைத்திருக்கும் ஸ்டுடியோக்கள் உண்டு. பெயர் வேண்டாம், ஒன்றை எனக்கு நன்றாகத் தெரியும்.

வேகத்துக்கு வந்தால், நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.6 மில்லிசெகண்ட், 30 என்றால் 33.3. 60க்கும் 40க்கும் நடுவே தள்ளாடுவதைவிட அசையாத 30 கண்ணுக்கு நல்லது. நிமிடத்துக்கு நூறு தடவை குதிக்கிற கேமுக்கு இது பொருந்தாது, மற்றபடி பொருந்தும்.

கொம்பும் காலும்

தமிழில் வசனம் வைத்தவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. 'கொ' என்று தட்டினால் யூனிகோடில் முதலில் 'க', அதன் பிறகு ஒகரக் குறி. திரையில் கொம்பு முன்னே வர வேண்டும், கால் பின்னே. இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துருவும் ஷேப்பிங் என்ற வேலையும். யூனிட்டியில் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இந்த வேலையைச் செய்வதில்லை. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'தேனி' என்று எழுதினால் வேறென்னவோ வரும். அன்ரியலிலும் கோடோ 4 இலும் ஷேப்பிங் செய்யும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் சிக்கல் இல்லை. யூனிட்டி 6 இல் வந்திருக்கும் புதிய எழுத்து உருவாக்கும் முறை இதைச் செய்கிறது. பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்கள், எழுத்துகளை முன்கூட்டியே திரையில் தோன்றும் வரிசைக்கு மாற்றித் தருகிற ஒரு இடைநிலைக் கோடை எழுதித்தான் ஆக வேண்டும். கணினியில் சரியாக வந்தது கன்சோலிலும் வரும் என்று நம்பாதீர்கள். கணினியில் இயங்குதளத்தின் எழுத்துரு கைகொடுத்திருக்கலாம். கன்சோலில் நீங்கள் சேர்த்துக் கொடுத்த எழுத்துரு மட்டும்தான்.

அடுத்தது நீளம். ஆங்கிலத்தில் சுருக்கமாக முடிகிற பட்டன் தமிழில் 'சேமித்துவிட்டு வெளியேறு' என்று பெட்டியைக் கிழித்துக்கொண்டு போகும். 'சேவ்' என்றே போடலாம், ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்விட்ச் லைட்டின் திரை 5.5 அங்குலம்தான். 'ணை', 'றௌ' போன்றவை அதில் புள்ளிக்கோலமாகிவிடும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், வசனத்தைக் குறையுங்கள். வசனம் குறைந்தால் பெரும்பாலும் கதையும் நன்றாகிவிடுகிறது.

அனுப்புதல்

வயது வரம்புச் சான்றுக்குப் பல நாடுகளின் வாரியங்களை ஒவ்வொன்றாக அணுக வேண்டியதில்லை. ஐஏஆர்சி என்ற பொதுக் கேள்விப்பட்டியல் ஒன்றை நிரப்பினால் டிஜிட்டல் வெளியீட்டுக்கு வேண்டிய பெரும்பாலான வயதுச் சான்றுகள் இலவசமாகவே வந்துவிடும். உண்மையைச் சொல்லுங்கள். திருவிழாக் காட்சியில் ஒரு ஓரமாகக் கள்ளு குடிப்பவர் இருந்தாலும் மது என்ற கேள்விக்கு ஆமாம்தான் பதில்.

கடையின் பங்கு பொதுவாக நூற்றுக்கு 30. அமெரிக்க வருமானத்துக்கு டபிள்யூ-8பென்-இ படிவத்தை நிரப்பாவிட்டால் ராயல்டியில் 30 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள். நிரப்பினால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15. இங்கே ஜிஎஸ்டியில் ஏற்றுமதிக்கான உறுதிக்கடிதத்தை ஆண்டுதோறும் கொடுத்துவைக்க வேண்டும். ஏலக்காய் ஏற்றுமதிக் கணக்குப் பார்த்துப் பழகிய ஆடிட்டர்கள் போடியில் இருக்கிறார்கள். பொருள் இல்லாமல் என்னத்தை ஏற்றுமதி செய்கிறீர்கள் என்று முதல் தடவை கேட்பார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

ஒரு சங்கடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சை நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை, இந்தியாவுக்கென்று இ-ஷாப்பும் கிடையாது. போடியில் செய்த ஸ்விட்ச் கேமைப் போடிக்காரர் நேர்வழியில் வாங்க முடியாது. சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கணினிப் பதிப்பைக் காட்டுங்கள், அல்லது பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பதிப்புகளையும் திட்டத்தில் வையுங்கள்.

நாட்கணக்கு போடும்போது ஒரு தடவையாவது திரும்பி வரும் என்று வைத்தே போடுங்கள். வெளியீட்டுக்கு இரண்டு மாதம் முன்னால் அனுப்பினால் மூச்சு விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அடைமழை, அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் நெரிசல். இரண்டையும் தவிர்க்கப் பாருங்கள். அவசரத் திருத்தமும் பெரும்பாலும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும், நினைத்த நேரத்தில் ஏற்ற இது ஸ்டீம் இல்லை.

அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவுக்குக் கடை திறக்கும்படி வைத்தால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் பேட்டரியை முந்தின நாள் சோதியுங்கள், மூன்று போனிலும் ஹாட்ஸ்பாட்டுக்கு டேட்டா போட்டுவையுங்கள். அன்றைக்கு யாரும் மலைக்குப் போக வேண்டாம்.